அரை அங்குலம் பிரித்துவிட்டேன்

பெருமதிப்பிற்குரிய மச்சான் அவர்களுக்கு, உங்கள் தங்கையின் கணவனாகிய தையல்காரன் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நாங்கள் இருவரும் நலம். அதில் ஒருவர் நலமாக இருப்பது பெரிய அதிசயம். நீங்களும் நலமாக, இப்போது இருக்கும் அதே பருமனோடு இருக்க வேண்டுகிறேன். உடல் இளைக்கும் ஆபரேஷனுக்கு நாள் குறித்துவிட்டீர்களாமே? கையோடு ரத்து செய்யுங்கள். காரணம் சொல்கிறேன்.

போன வருடம் உங்கள் தங்கைக்கு வயிற்றைச் சின்னதாக்கி, குடலை வெட்டித் திருப்பி இணைத்தார்கள் அல்லவா? ஆள் பாதியாகிவிட்டாள். அவள் துணிகளைப் பிடித்துப் பிடித்துத் தைத்தே நான் ஓய்ந்துபோனேன். பிறகு ஒரு நாள், சாப்பிட்டதும் வயிற்றை முறுக்குகிறது என்றாள். தொழில் புத்தி எங்கே போகும்? இடுப்பை அதிகமாகப் பிடித்துவிட்டோம் போல என்று பாவாடையில் அரை அங்குலம் பிரித்துவிட்டேன். வலி நின்றது! "பாத்தியா, எல்லாம் தையல்ல இருக்கு" என்று மார்தட்டினேன். திரும்ப வலித்தது, திரும்பப் பிரித்தேன், திரும்ப நின்றது. அது தானாக வந்து தானாகப் போகிற வலி என்று நான் என்னத்தைக் கண்டேன்? கடைசியில் பாவாடை இடுப்பில் நிற்காமல், தெருவில் கையால் பிடித்துக்கொண்டு நடந்தாள்.

அப்புறம் ஒரு காலையில், கடையில் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தவள் வெட்டுமேஜைக்கு அடியில் சுருண்டுவிட்டாள். அன்று அவள் போட்டிருந்ததோ இடுப்பே இல்லாத தொளதொள அங்கி. பிரிக்கத் தையலே இல்லை. கத்தரிக்கோலோடு விழித்தேன் மச்சான். "பிரிச்சது போதும், ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க" என்றாள்.

ஸ்கேன் படத்தைப் பார்த்த டாக்டரம்மா சொன்னார்: "இது அபூர்வமா வர்றதுங்க. உடம்பு இளைக்கும்போது குடலைச் சுத்தி இருக்கிற கொழுப்பும் கரையுது. உள்ள ஒரு இடைவெளி விழுது. அதுல குடல் நுழைஞ்சு முறுக்கிக்கிச்சு. இத்தனை நாளா போறதும் வர்றதுமா இருந்திருக்கும். இப்பவே வயித்தைத் திறக்கலேன்னா குடல் செத்துடும்."

வெளியே நான் துணியைப் பிடித்துத் தைத்துக்கொண்டே இருக்க, உள்ளே தொளதொளத்துக்கொண்டே இருந்திருக்கிறது! ஆபரேஷன் அறை வாசலில் உட்கார்ந்து அழுதேன். அவள் இல்லாத கடையை என்னால் நினைத்துக்கூடப் பார்க்க முடியவில்லை. வெளியே வந்த டாக்டரம்மா, "கறுத்துப்போன குடலை நேராக்கினதும் கொஞ்ச நேரத்துல ரோஸ் ஆயிடுச்சுங்க. வெட்டவே இல்ல. இடைவெளியைத் தைச்சுட்டோம்" என்றார். கறுத்தது மறுபடி சிவக்குமா மச்சான்? எத்தனையோ சாயம் போன துணிகளைப் பார்த்தவன் நான், அவற்றில் ஒன்றுகூட நிறத்துக்குத் திரும்பியதில்லை. அவளுக்குக் காற்றுப் பிரிந்தபோது, குடல் வேலை செய்கிறது என்று நர்ஸ் கைதட்டினார். நான் எழுந்து நின்று கும்பிட்டேன். வாழ்நாளில் அப்படி ஒரு இனிய ஓசையை நான் கேட்டதில்லை.

ஆகவே, குடல் என்கிற அத்தனை பெரிய அதிசயத்தில் கைவைக்காதீர்கள். அக்காவுக்கு வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசிகள். உங்கள் தொப்பை நீடூழி வாழ்க.

இப்படிக்கு,
உங்கள் மைத்துனன்

பி.கு.: முன்பெல்லாம் எங்கள் மாடிக் கடைக்குப் பாதிப் படியில் உட்கார்ந்து மூச்சு வாங்கி ஏறியவள், இப்போது ஒரே மூச்சில் ஏறி வந்து கடிதத்தைப் பிடுங்கிப் படித்துவிட்டாள். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "அண்ணா, தேதியை மாத்தாதே. மறுபடியும்னாலும் நான் செஞ்சுக்குவேன். வயிறு வலிச்சா அன்னைக்கே டாக்டர்கிட்ட போ. இவர்கிட்ட மட்டும் சொல்லாதே."