ராஜாங்கம் பிடுங்கிய பிளக்

யாரும் பார்க்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு, தன் காரின் பானட்டுக்குள் கையை விட்டு, என்ஜின் சூட்டை அளக்கும் சென்சாரின் பிளக்கை ராஜாங்கம் வெடுக்கென்று பிடுங்கினார். அது கழன்றால் ஏசி வராது என்று மெக்கானிக் திருமால் போன மாதம்தான் சொல்லியிருந்தான்.

ராஜாங்கம் பீங்கான் கம்பெனியில் சூளை பார்ப்பவர். எந்த அனலுக்கும் அசராதவர், மகள் மதிவதனி ஊருக்குக் கிளம்புகிறாள் என்றால் உருகிவிடுவார். திட்டக்குடி பாங்கில் வேலை பார்க்கும் மாப்பிள்ளை பாண்டியன் காலையில் வந்து இறங்கியதுமே, "மாமா, பதினோரு மணிக்குக் கெளம்பணும், காரு வேணும்" என்றான். அதோடு இவருக்கு இட்லி இறங்கவில்லை. பேத்தி இப்போதுதான் 'தாத்தா'வில் பாதி வரைக்கும் வந்திருந்தாள்.

பாண்டியன் வண்டியைக் கிளப்பினான். என்ஜின் விளக்கு எரிந்தது.

"என்னா மாமா, ஏசியில அனலடிக்குது?"

"அடடா! கொழந்தைக்கு வெயிலு ஆவாது மாப்ள. நாளைக்குப் பாத்துக்கலாம்."

"கண்ணாடிய எறக்கிக்கிறோம் மாமா."

"இருங்க, தண்ணி இருக்குதான்னு பாக்கறேன்" என்று போனவர், இன்னொரு பிளக்கையும் பிடுங்கினார். இப்போது வண்டி இருமியதே தவிர, கிளம்பவில்லை.

"ஆட்டோ புடிச்சிடவா?"

"இந்தக் குலுக்கல்ல கொழந்தையவா?"

"சரி, திருமாலுக்குப் போன் போட்டுட்டேன். வந்துகிட்டிருக்காரு."

திருமால் பார்த்தால் ஒரு நொடியில் குட்டு உடைந்துவிடும். மாப்பிள்ளையை மோர் குடிக்க உள்ளே அனுப்பிவிட்டு, பிளக்குகளை அவசரமாகத் திரும்பச் செருகினார். முதலாவது உட்கார்ந்தது. இரண்டாவது, வியர்த்த கையில் படக்கென்று உடைந்தது.

திருமால் வந்து குனிந்து பார்த்தான்.

"சென்சார் பிளக்கு ஒடஞ்சிருக்குது சார். எலி வேலையா?"

"பெருச்சாளிப்பா!"

"புதுசு கடலூர்லருந்து வரணும். நாளைக்கித்தான் முடியும்."

அது ராஜாங்கத்தின் வயிற்றில் பால் வார்த்தது. முகத்தை மட்டும் சோகமாக வைத்துக்கொண்டு பேத்தியைத் தூக்கிக்கொண்டார்.

அதற்குள் பாண்டியனுக்குப் போன் வந்தது. பேசி முடித்தவன் முகம் தொங்கிப்போயிற்று. மதிவதனி கண்ணைத் துடைத்தாள்.

"திட்டக்குடிக்கு ஒரு நாளு கழிச்சிப் போனா என்னாம்மா? இதுக்குப் போயி அழுவறியே!" என்றார் ராஜாங்கம்.

அவர் மனைவி ஆராயி தலையில் அடித்துக்கொண்டாள்.

"திட்டக்குடிக்கு யாருங்க கெளம்பனா? மாப்ளைக்கு இந்த ஊருக்கே மாத்தலாயி, பக்கத்துலயே இருக்கலாம்னு ஜங்ஷன் ரோட்டுல வூடு பாக்கக் கெளம்பினாங்க. வூடு அமைஞ்சதும் உங்ககிட்ட சொல்லலாம்னு இருந்தாங்க. சொன்ன நேரத்துக்கு வரலன்னு வூட்டுக்காரரு அத வேற ஆளுக்குக் குடுத்துட்டாராம்!"