இருட்டுக் கோட்டையின் இளவரசி

இளம் வயதில் எல்லோரும்தான் பொய் சொல்கிறார்கள். நான் சொன்ன பொய்யில் என் அண்ணி செத்தே போனார். (பயப்படாதீர்கள், இன்று காலைகூட அவர் கையால்தான் இட்லி சாப்பிட்டேன்.)

கல்லூரியில் படித்தபோது நானும் என் நண்பன் டேவிட்டும் 'இருட்டுக் கோட்டை' என்று ஓர் இசைக்குழு வைத்திருந்தோம். குழு என்றால் நாங்கள் இரண்டே பேர். டஞ்சன் சிந்த் என்று ஓர் இசை இருக்கிறது. ஒரே ஒரு கீபோர்டில், பாழடைந்த கோட்டையும் பாதாளச் சிறையும் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி மெதுவாக வாசிக்க வேண்டும். உத்திரமேரூரில் பாதாளச் சிறைக்கு எங்கே போவது? எங்கள் கழனி மோட்டார் கொட்டகையில், யூரியா மூட்டைமேல் சர்ச்சிலிருந்து இரவல் வாங்கிய கீபோர்டை வைத்து ஒரே மதியத்தில் பதிவு செய்தோம். மூன்றாவது பாட்டின் நடுவில் அண்ணி வெளியே நின்று எருமையைக் கூப்பிட்டார். அதுவும் பதிவாகிவிட்டது. அழிக்கத் தெரியாததால், 'கோட்டையில் உயிர்நீத்த இளவரசியின் குரல்' என்று கேசட் உறையில் எழுதிச் சமாளித்தேன்.

அதைப் பதினோரு பிரதி போட்டோம். ஊரில் ஒருவரும் சீண்டவில்லை. (டேவிட்டின் அப்பா கேட்டார். கேட்டுவிட்டு எங்களுக்காக ஜெபம் செய்தார்.) ஒன்றை வெளிநாட்டுப் பத்திரிகைக்கு அனுப்பியதோடு மறந்தும் போனோம்.

இருபது வருடம் கழித்து, பின்லாந்திலிருந்து யூஹா என்பவர் மின்னஞ்சல் அனுப்பினார். அந்தக் கேசட்டை அங்கே ஒரு கூட்டமே கொண்டாடுகிறதாம். அதை இசைத்தட்டாக வெளியிட ஆசையாம். "அந்தப் பாடகி யார்?" என்று கேட்டிருந்தார். உண்மையைச் சொன்னால் இசைத்தட்டு அம்பேல் என்று பயந்து, "இளம் வயதிலேயே இறந்துவிட்டார்" என்று பதில் போட்டேன்.

மனிதர் நேரிலேயே கிளம்பி வருவார் என்று யார் கண்டது?

கறுப்புச் சட்டையும் கையில் ரோஜா மாலையுமாகப் பேருந்திலிருந்து இறங்கினார். முதல் கேள்வியே, "அவருடைய கல்லறை எங்கே?"

டேவிட் என் காதில், "எங்க கல்லறைத் தோட்டத்துல யார்தையாச்சும் காட்டுனா, அவங்க வூட்டு ஆளுங்க நம்மள அங்கயே பொதச்சிடுவாங்கடா" என்றான். வேறு வழி தெரியாமல் எங்கள் கழனி வரப்பில் நட்டிருந்த சர்வே கல்லைக் காட்டினேன். யூஹா மண்டியிட்டு அதற்கு மாலை போட்டார். கண் கலங்கினார். ஒருவர் அழும்போது சும்மா நிற்பது மரியாதையில்லையே என்று நானும் கொஞ்சம் அழுதேன்.

அந்த நேரம் பார்த்து மோட்டார் கொட்டகைக்குப் பின்னாலிருந்து, "ஏஏஏ... லச்சுமீஈஈ... பா... பா..." என்று, கேசட்டில் இருக்கிற அதே குரல் வந்தது. (எருமைதான் வேறு. எங்கள் வீட்டு எருமைகள் எல்லாவற்றுக்கும் லட்சுமி என்றுதான் பெயர்.) யூஹா ஏற்கெனவே வெளுப்பு. இன்னும் வெளுத்தார்.

அண்ணி கயிறும் கையுமாக வந்து நின்றார். "இன்னா தம்பி, கல்லுக்கு மாலை போட்டு அழுதுக்கினு கீறீங்க? யார் செத்தது?"

நான் மாலையைச் சரிசெய்வதுபோலக் குனிந்துகொண்டேன். டேவிட் துரோகி, "நீங்கதான் அண்ணி" என்று சொல்லிவிட்டான்.

முழுக்கதையையும் அவனே சொன்னான். அண்ணி கயிற்றை ஓங்கினார். நானும் முதுகைத் தயாராக வைத்துக்கொண்டேன்.

"சரி, இந்த ஆளு இன்னாத்துக்கு அழுவுறாரு?"

"பத்து வருசமா உங்க கொரலக் கேட்டுக்கினு கீறாராம் அண்ணி" என்றான் டேவிட்.

ஓங்கிய கை இறங்கியது. இத்தனை வருடத்தில் அவர் கூப்பிட்ட குரலுக்கு எங்கள் வீட்டில் எருமை மட்டும்தான் திரும்பிப் பார்த்திருக்கிறது. அண்ணன் பார்த்ததில்லை, நானும் பார்த்ததில்லை. அது அன்றுதான் எனக்கு உறைத்தது, வெட்கமாக இருந்தது.

"இன்னொரு தபா கூப்பிடட்டா?" என்றார் அண்ணி, யூஹாவைப் பார்த்து. கூப்பிட்டார். யூஹா வரப்பிலேயே உட்கார்ந்து, அழுகையும் சிரிப்புமாகக் கை தட்டினார். லட்சுமி ஓடி வந்து, கல்லில் இருந்த மாலையை நிதானமாகத் தின்றது.

இசைத்தட்டு வெளிவந்தது. அட்டையில் அண்ணியும் எருமையும் பெரிதாக நிற்கிறார்கள். எங்கள் இருவர் பெயரும் பின்பக்கம், பூதக்கண்ணாடி வைத்தால் தெரியும்.

இன்றைக்கும் விருந்தாளிகள் யாராவது வந்து, "இன்னாம்மா, நல்லா கீறியா?" என்று அண்ணியை விசாரித்தால், அவர் என் பக்கம் கை நீட்டுவார்.

"எனுக்கு இன்னா தெரியும்? தம்பியக் கேளு. நான் இருக்கறனா செத்தனான்னு அதுதான் முடிவு பண்ணும்."