ஏழாவது அலுவலாக உன் அத்தானின் கை

மாண்புமிகு சட்டமன்ற உறுப்பினர் அவர்களுக்கு, அதாவது என் அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுவது. இங்கே நாங்கள் நலம். நீ நலமா என்று கேட்கப்போவதில்லை. சபையில் நீ கொட்டாவி விட்டதைத் தொலைக்காட்சியில் பார்த்தோம், உடம்பு தேறியிருக்கிறது.

விஷயம் உனக்குத் தெரிந்ததுதான். சபையின் நாளைய நிகழ்ச்சி நிரல் தினமும் சாயங்காலம் கைபேசியில் வந்துவிடும். அதைப் படித்துக் காட்டினால்தான் உன் அத்தானுக்குச் சோறு இறங்கும். ஏழாவது அலுவலாக, கடைசி வரியில், உன் மசோதா இருக்கும்: ஒப்பந்தத் தொழிலாளிக்கு விபத்து நேர்ந்தால் ஆலைதான் பொறுப்பு என்று சொல்கிற மசோதா. அட்டை வெட்டும் இயந்திரம் அவருடைய வலது கையை மணிக்கட்டோடு எடுத்துக்கொண்ட அன்று, "இவர் எங்க ஆளே இல்லை" என்று ஆலைக்காரன் கைவிரித்தானே, அதற்காக நீ கொண்டுவந்தது. தேர்தலில் மேடைக்கு மேடை அந்த மொட்டைக் கையைத் தூக்கிப் பிடித்து, "இந்தக் கைக்கு நியாயம் கேட்கத்தான் போறேன்" என்று முழங்கினாய். வீட்டுக்கு வந்து இவர் தோள்பட்டை வலிக்கிறது என்று முனகுவார். நான் தைலம் தேய்த்தேன். நீ ஜெயித்தாய்.

இந்த வாரம் நடந்ததைக் கேள். முதல் நாள் யாரோ முன்னாள் உறுப்பினர் காலமானார் என்று எழுந்து நின்றவர்கள், நின்றபடியே வீட்டுக்குப் போய்விட்டார்கள். அடுத்த நாள் ஒருவர் இன்னொருவரைக் கோமாளி என்று சொல்ல, அந்த வார்த்தையைக் குறிப்பிலிருந்து நீக்குவதா வேண்டாமா என்று பொழுது சாயும்வரை கத்தினார்கள், கத்தும்போதே ஆளுக்குப் பத்துத் தடவை அதைச் சொல்லியும் விட்டார்கள். பிறகு கேன்டீன் தேநீர் ஆறிப்போயிருக்கிறது என்று வெளிநடப்பு. நடந்தவர்கள் நேரே கேன்டீனுக்குத்தான் போனார்கள். நேரில் போய் உட்கார்ந்தாலாவது நடக்குமோ என்று நேற்று இவரைக் கூட்டிக்கொண்டு பார்வையாளர் மாடத்துக்கு வந்தேன். வாசலில் காவலர் தடவிப் பார்த்துவிட்டு, "உள்ளே கைதட்டக் கூடாது பெரியவரே"ன்னார். இவர் சட்டைக் கையை உயர்த்திக் காட்டி, "அதுக்கு நமக்கு வசதியில்லைங்க"ன்னார். பாவம், அந்த ஆள் முகம் செத்துப்போச்சு. ஆறாவது அலுவல் வரைக்கும் வந்துடுச்சு தம்பி, இவரை நிமிர்ந்து உட்காரச் சொன்னேன், அப்புறம் பார்த்தா சபையில ஆள் போதலைன்னு மணி அடிக்கிறாங்க, அடிச்சுக்கிட்டே இருக்காங்க, ஒருத்தரும் வரலை, ஒத்திவெச்சுட்டாங்க. உன் நாற்காலியும் காலிதான். ஏதாவது அவசரமா இருக்கும்னு நானே உனக்காகப் பரிஞ்சு பேசினேன்.

இப்போது வீட்டிலும் அதே பேச்சுதான். குளிக்கச் சொன்னால் "அது ஏழாவது அலுவல்" என்கிறார்.

ஆனாலும் நீ என்ன செய்வாய், அத்தனை பேர் ஆட்டத்துக்கு நடுவில் நீ ஒருத்தன். எங்களுக்கென்று இருப்பவனும் நீ ஒருத்தன்தான். பதவி நிலைக்கட்டும், இன்னும் மேலே போ, நீயும் பிள்ளைகளும் நோய்நொடி இல்லாமல் நூறு வயது இருங்கள். அத்தானும் இடது கையால் கையெழுத்துப் போட்டிருக்கிறார். கோணலாக இருக்கிறது, பொறுத்துக்கொள்.

உன் அக்கா.

பி.கு.: உறையை ஒட்டும்போது நாளைய நிரல் வந்துவிட்டது. உன் மசோதாதான் முதல் அலுவல். "ஒப்பந்தத் தொழிலாளர் விபத்துப் பொறுப்பு மசோதா: திரும்பப் பெறுதல். முன்மொழிபவர்:" என்று போட்டு உன் பெயர். அத்தான் எட்டிப் பார்த்துவிட்டு, "திரும்பவும் எடுக்கிறாங்க, அதுவும் முதல்லயே! உன் தம்பி சொன்ன சொல்லைக் காப்பாத்திட்டான் பாத்தியா" என்று குதிக்கிறார். வெள்ளைச் சட்டையை இஸ்திரி போடச் சொல்லிவிட்டுக் குளிக்கவும் போய்விட்டார். எனக்கு அர்த்தம் தெரியும், சொல்லத்தான் வாய் வரவில்லை. இஸ்திரி போட்டு, சட்டையின் வலது கையை மடித்து ஊசி குத்தி வைத்துவிட்டேன். நாளைக் காலை இந்த உறையை வாசல் காவலரிடம் உனக்குக் கொடுத்தனுப்பிவிட்டு மாடத்தில் முதல் வரிசையில் இருப்போம், நிமிர்ந்து பார்த்துவிட்டுப் பேசு.

மேலே எழுதிய ஆசிகள் அனைத்தும்: திரும்பப் பெறுதல். முன்மொழிபவர்: உன் அக்கா.