கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோ

எலெக்ட்ரானிக் சிட்டி, பெங்களூரு
ஞாயிறு காலை

மதிப்பிற்குரிய சித்தப்பாவுக்கு,

சிந்து வணக்கத்துடன் எழுதுவது. இங்கு நலம். அங்கே உங்கள் முழங்கால் வலியும் சித்தியின் கோபமும் குறைந்திருக்கும் என்று நம்புகிறேன்.

போனில் சொன்னால், "சரிம்மா, அப்போ அனுப்பி வெக்கிறேன்" என்று வைத்துவிடுவீர்கள். அதனால்தான் கடிதம். வேலை கிடைக்கும்வரை தர்ஷினி என் அறையில் தங்கட்டும் என்றீர்கள். "கொஞ்ச நாள்தான், கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோ."

முடியாது, சித்தப்பா.

உங்களுக்கு 'அட்ஜஸ்ட்' என்பது ஃபேன் வேகத்தைக் குறைப்பது போல ஒரு சின்ன வேலை. இங்கே அப்படியில்லை. பஸ்ஸில் இருவர் இருக்கையில் மூன்றாவதாக ஓர் அம்மா, பாதி என் மடியில் உட்கார்ந்துகொண்டு அதைச் சொல்கிறார். மேனேஜர் சுஹாஸ் வெள்ளிக்கிழமை மாலை சிரித்துக்கொண்டே அதைச் சொன்னால், சனியும் ஞாயிறும் போயிற்று. நான் தங்கும் பிஜி விடுதியில் சாம்பார் தித்தித்தாலும் சமையல்காரர் வாயில் அதே சொல். போன மாதம் பெண் பார்க்க வந்தவர்கள், "பொண்ணு அட்ஜஸ்ட் பண்ணிப்பாளா?" என்று அம்மாவிடம் கேட்டார்கள். வேலையை விடுவேனா என்று கேட்கிறார்கள் என்பது காபி ஆறிய பிறகுதான் எனக்குப் புரிந்தது.

அப்புறம் கட்டில். எங்கள் இருவர் அறையில் பிஜி நடத்தும் சரளா ஆன்ட்டி மூன்றாவதாக ஒன்றைப் போட்டார். "ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாட்கோம்மா, வர்ற பொண்ணு ரொம்ப ஒல்லி." ஒல்லிதான். கட்டில் ஒல்லியில்லை. கதவு இப்போது முழுதாகத் திறப்பதில்லை. பக்கவாட்டில் நுழைகிறோம். நான் அலமாரியைத் திறக்க வேண்டுமானால் அறைத்தோழி அனுஷா எழுந்து தன் படுக்கையின் மேல் நிற்க வேண்டும். தினமும் நிற்கிறாள், பாவம், பல்துலக்கியபடி.

இந்த ஊரில் எனக்கென்று இருப்பது ஒரு கட்டில். அதில் புரண்டு படுக்கலாம். அவ்வளவுதான். அதையும் கேட்காதீர்கள். தர்ஷினிக்கு வேறு இடம் பாருங்கள். கோபித்துக்கொண்டாலும் சரி.

சித்திக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். மாத்திரையை மறக்காதீர்கள்.

அன்புடன்,
சிந்து

பி.கு.: உறையில் போடுவதற்குள் தர்ஷினி பையோடு வாசலில் வந்து நின்றாள். "நீ சரின்னுட்டேன்னு அப்பா சொன்னாருக்கா." நேற்றைய இன்டர்வியூவில் பெயரைக் கேட்டதோடு அனுப்பிவிட்டார்களாம். அழவில்லை. என் கட்டிலின் ஓரத்தில் ஒடுங்கிப் படுத்துக்கொண்டு, "நான் புரளவே மாட்டேன்க்கா" என்றாள். சொல்லி முடிப்பதற்குள் தூங்கிவிட்டாள். சரளா ஆன்ட்டியிடம் பேசிவிட்டேன். யாராவது இந்தப் பக்கம் வந்தால் ஒரு தலையணை கொடுத்தனுப்புங்கள். என்னுடையது அவளிடம் இருக்கிறது.