பத்துக்கு ரெண்டு

“பத்துக்கு எவ்வளவு வலி, ஐயா?”

“ரெண்டு.”

மூத்த நர்ஸ் நம்பவில்லை. ரெண்டு என்கிற ஆளுக்கு நெற்றியில் இப்படி வியர்த்துக் கொட்டாது; முழங்கால்கள் வயிற்றோடு ஒட்டிக்கொண்டிருக்காது. அந்த நோயாளியின் சட்டைப் பையில் இருந்த சிவப்புப் பேனாகூட நடுங்கிக்கொண்டிருந்தது.

பார்த்த மாத்திரத்தில் நோயாளியை எடைபோட்டுவிடுவார் என்று அவசரப் பிரிவில் நர்ஸுக்குப் பெயர். போன வாரம்தான் அதில் ஒரு கீறல். குடல்வால் என்று அவர் அடித்துச் சொன்னதை நம்பி, சாப்பாட்டில் கை வைத்த சர்ஜன் அப்படியே ஓடிவந்தார். வந்து பார்த்தால் வெறும் வாயு.

“இன்னொரு வாயுவுக்குக் கூப்பிட்டீங்க, அப்புறம் நீங்க மருந்துக் கிடங்குலதான் மாத்திரை எண்ணணும்” என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

அதனால் நர்ஸ் நிதானமாக விளக்கினார். “பத்துன்னா உயிர் போற வலி. இப்ப சொல்லுங்க.”

நோயாளி கண்ணை மூடி யோசித்தார். “அப்படின்னா ஒண்ணே முக்கால்.”

“ஐயா, குறையுதே!”

“அவசரப்பட்டு அதிகமாச் சொல்லிட்டேன்.”

சிரிக்கிற முகம் முதல் அழுகிற முகம் வரை வரிசையாக வரைந்த அட்டையை நீட்டினார் நர்ஸ்.

“இதுல உங்க முகம் எது?”

“ஒண்ணும் தேறாது. கோடே நேரா இல்ல” என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார் அவர்.

பக்கத்தில் நின்ற இளம் டாக்டர் கடிகாரத்தைப் பார்த்தார். “சிஸ்டர், அவரே ஒண்ணே முக்கால்ங்கறார். மாத்திரை குடுத்து வீட்டுக்கு அனுப்பிடலாம்.”

நர்ஸ் நோயாளியின் அடிவயிற்றின் வலப்பக்கத்தை மெல்ல அழுத்தி, சட்டென்று கையை எடுத்தார். அவர் கட்டிலிலிருந்து ஒரு சாண் எழும்பி விழுந்தார். வயிறு பலகையாக இறுகியிருந்தது. உடம்பு கொதித்தது. நாடி தறிகெட்டு ஓடியது.

“நம்பர் கிடக்கட்டும் டாக்டர். என் கை சொல்லுது. சர்ஜனைக் கூப்பிடறேன்.”

“கிடங்கு ஞாபகம் இருக்கா?”

“இருக்கு. அங்கேயும் ஃபேன் இருக்கு.”

சர்ஜன் வந்தார். முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. நேரே நோயாளியிடம் போனார்.

“எவ்வளவு வலி?”

நர்ஸ் மூச்சைப் பிடித்துக்கொண்டார். நோயாளி சர்ஜனை ஏற இறங்கப் பார்த்தார்.

“பெரிய டாக்டர் கேக்கறதால… ரெண்டு.”

சர்ஜன் நர்ஸ் பக்கம் திரும்பி வாயைத் திறப்பதற்குள், வீட்டுச் சாவியும் கையுமாக நோயாளியின் மனைவி மூச்சிரைக்க ஓடிவந்தார்.

“என்னது, ரெண்டா? ஐயோ டாக்டர், சீக்கிரம் ஏதாவது பண்ணுங்க! இவர் முப்பது வருஷமா கணக்கு வாத்தியார், பெத்த பொண்ணுக்கே பத்துக்கு ஒண்ணரைக்கு மேல மார்க் போட்டதில்ல!”