கூட்டிருப்பு அண்ணனும் நாலு குறுப்புமாரும்

உலகத்தில் உள்ளவர்களை நம்புகிறவர்கள், நம்பாதவர்கள் என்று இரண்டாகப் பிரித்தால், எங்கள் கூட்டிருப்பு அண்ணன் இரண்டாவது கூட்டத்துக்குத் தலைவராக வந்திருப்பார். ஆனால் அந்தக் கூட்டத்தில் இருக்கிற மற்றவர்களையும் அவர் நம்பமாட்டார் என்பதால் அந்தப் பதவி கடைசிவரை காலியாகவே கிடந்திருக்கும். சூரியன் கிழக்கே உதித்திருக்கிறது என்று சொன்னால், "ஆருலே சொன்னா?" என்று கேட்டுவிட்டுத்தான் கிழக்கே திரும்புவார்.

அவருடைய சொந்தப் பெயர் எனக்குத் தெரியாது. கேட்டால், "பேரத் தெரிஞ்சு நீ என்ன செய்யப்போற?" என்பார். பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் நடுவில் இருந்த ஒரு சின்ன அரசாங்க ஆஸ்பத்திரிதான் அவர் ராஜ்யம். நோயாளிக்குத் துணையாகப் பக்கத்தில் இருப்பதை எங்கள் பக்கத்தில் கூட்டிருப்பு என்போம். தமிழ் பேசுகிறவனும் அதைத்தான் சொல்வான், மலையாளம் பேசுகிறவனும் அதைத்தான் சொல்வான். துணைக்கு ஆள் இல்லாமல் வந்து படுக்கிறவர்களுக்கெல்லாம் இவர்தான் கூட்டிருப்பு. கூலி என்று எதுவும் வாங்கமாட்டார். யாராவது சோறு கொடுப்பார்கள், கட்டன் சாயாவும் பீடியும் கிடைக்கும்.

கட்டிலின் தலைமாட்டில் முக்காலியைப் போட்டு உட்கார்ந்தார் என்றால் ராஜாவின் மெய்க்காவலன் தோற்றான். மருந்தை முதலில் இவர் மோந்து பார்ப்பார். நர்ஸ் தெர்மாமீட்டரை உதறினால், "எதுக்கு உதறுகிய? உள்ள இருக்கியத வெளிய கொட்டுகதுக்கா?" என்று கேட்பார். அந்த அம்மாளும் பாவம், உதறுவதற்கு வராந்தாவுக்குப் போய்விட்டு வருவார்.

சந்தேகப்படுவதற்கு அது நல்ல காலமும்கூட. திருவிதாங்கூரின் தெற்குத் தாலுகாக்களைச் சென்னை ராஜ்யத்தோடு சேர்க்கவேண்டும் என்று தமிழர்கள் போராடிக்கொண்டிருந்தார்கள். எங்கள் கிராமங்கள் எந்தப் பக்கம் போகும் என்று யாருக்கும் தெரியாது. பனச்சமூட்டுச் சந்தையில் வாழைக்குலை விலை கேட்டால்கூட, எந்த மொழியில் கேட்டான் என்று நாலுபேர் திரும்பிப் பார்ப்பார்கள். ஒரே வீட்டுக்குள் இரண்டு மொழியும் பேசிக்கொண்டிருந்த ஜனங்கள், வாசலுக்கு வந்ததும் எதைப் பேசுவது என்று யோசிக்க ஆரம்பித்திருந்தார்கள்.

அப்படிப்பட்ட நேரத்தில்தான் திருவனந்தபுரத்தில் இண்டர்மீடியட் படித்துக்கொண்டிருந்த நாங்கள் சிலர் சேர்ந்து அந்த ஆஸ்பத்திரியில் ஒரு நோயாளி உதவிச் சங்கம் தொடங்கினோம். நெய்யாற்றின்கரை சுகுமாரன் செயலாளர். அவன் மலையாளி, நான் தமிழன். இந்த ஒரு காரணத்தினாலேயே இரண்டு பக்கமும் எங்களை ஒற்றர்கள் என்று நினைத்தார்கள். நடக்க முடியாதவர்களைத் தாங்கிக்கொண்டு போவது, கஞ்சித்தண்ணீர் கொடுப்பது, வடக்கேயிருந்து மாற்றலாகி வந்திருந்த டாக்டருக்கு எங்கள் ஊர்த் தமிழை மலையாளத்தில் சொல்வது, இவைதான் எங்கள் வேலை. கூட்டிருப்பு அண்ணனுக்கு முதல் நாளே நாங்கள் பிடிக்காமல் போனோம்.

சுகுமாரன் மரியாதையாகத்தான் கேட்டான். "சேட்டன் வீட்டில தமிழா, மலையாளமா பேசுகது?"

"நான் வீட்டுல பேசுகதே இல்ல. ஒத்தைக்காக்கும் தாமசம்."

"இல்ல, டாக்டர்கிட்ட சொல்றதுக்கு ஒரு சவுகரியம்..."

"மனசிலாச்சுலே. இப்பிடி ஒவ்வொருத்தனா கேட்டுக் கணக்குக் குடுத்து அதிருத்தி போடப்போறிய. எனக்க வாயில இருந்து ஒரு வாக்கு கிட்டாது." அதிருத்தி என்றால் எல்லை. அன்று முழுவதும் அவர் யாரிடமும் பேசவில்லை. சாயா வேண்டும் என்பதைக்கூடக் கையால் காட்டினார்.

இதற்காக அவரைத் தமிழர் கட்சி என்று நினைத்துவிட வேண்டாம். போராட்டக்காரர்கள் நோட்டீஸ் கொடுத்தால் அதை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிடுவார். போலீசுக்கும் அதே மரியாதைதான். ஒரு நாள் ஒரு கான்ஸ்டபிள் வந்து, இந்த மாணவர்கள் இங்கே என்ன பேசிக்கொள்கிறார்கள் என்று அவரிடம் விசாரித்தார். அண்ணன் அவரை மேலும் கீழும் பார்த்தார்.

"நீரு போலீசுண்ணு என்ன தெளிவு?"

"தொப்பி கண்டில்லே?"

"கண்டேன். அது தலையில சரியா நிக்கல்ல. இரவல் தொப்பியாக்கும்."

கான்ஸ்டபிள் தொப்பியைக் கழற்றிப் பார்த்துக்கொண்டே வெளியே போனார். எங்கள் சங்கம் பிழைத்தது. நான் நன்றி சொல்லப் போனேன். "உங்களுக்காண்டி சொன்னேன்னு நெனச்சியோ?" என்று விரட்டிவிட்டார்.

உண்மையான குழப்பம், டாக்டர் ரத்த விஷயத்தைத் தொடங்கியபோதுதான் வந்தது. ரத்தம் போய்ச் சாகக் கிடக்கிறவர்களைத் திருவனந்தபுரத்துக்கு வண்டியில் கொண்டுபோவதற்குள் பாதி உயிர் போய்விடுகிறது. ஊரிலேயே ரத்தம் கொடுக்கிற ஆட்களைச் சோதித்துத் தயாராக வைத்துக்கொண்டால் என்ன என்று கேட்டார். நாங்கள் வீடு வீடாகப் போய்க் கெஞ்சி ஆட்களைக் கூட்டிவந்தோம். டாக்டர் விரலில் குத்தி ஒரு சொட்டு எடுத்துப் பார்த்து, ஏ குரூப்பு, பி குரூப்பு என்று சொல்வார்.

இங்கே ஒன்று சொல்லவேண்டும். மலையாளிகளில் குறுப்பு என்று பெயருக்குப் பின்னால் போட்டுக்கொள்ளும் குடும்பங்கள் உண்டு. எங்கள் ஊர் வாயில் குரூப்பும் குறுப்பும் ஒன்றாகவே விழும். சோதனை முடித்து வெளியே வந்த ஒருவரைக் கூட்டிருப்பு அண்ணன் மடக்கினார்.

"உன்ன என்ன செய்தானுவ?"

"ரத்தம் பாத்தினும் அண்ணே. நான் பி குறுப்பாம்."

"நீ எப்பிடிலே குறுப்பாவ? ஒனக்க அப்பன் நாடாரில்லியா?"

அடுத்து வந்தவர் ஏ குறுப்பு என்றார். அதற்கடுத்தவர் ஓ குறுப்பு. அண்ணனுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. ஏ. குறுப்பு, பி. குறுப்பு, ஏ.பி. குறுப்பு, ஓ. குறுப்பு என்று நாலு மலையாளிகள் சேர்ந்துகொண்டு எங்கள் ஜனங்களைத் தங்களுக்குள் பங்கு வைத்துக்கொண்டிருக்கிறார்கள்! ஒவ்வொருவருக்கும் ஒருவர் பேரில் எழுதியாகிறது. அதிருத்தி போடுகிற அன்று நாலுபேரும் வந்து, இதெல்லாம் எங்கள் ஆட்கள் என்று சொல்லிவிடுவார்கள்.

சுகுமாரன் தலையில் அடித்துக்கொண்டான். "அய்யோ சேட்டா, அது ஆளின்டெ பேரல்ல. ரத்தத்தின்டெ பேராணு!"

"ரத்தத்துக்கு இனிசியல் உண்டோலே? எனக்கே இல்ல."

அவர் துப்பறியக் கிளம்பிவிட்டார். கொஞ்ச நாளில் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, யாருக்கும் கேட்காமல் கண்டுபிடிப்புகளைச் சொன்னார். ஏ. குறுப்பு என்பது அச்சுதக் குறுப்பு. ஆள் செத்துவிட்டார். "செத்தவன் பேருலயும் ரத்தம் எடுக்கானுவ, பாத்தியா மக்கா!" ஏ.பி. குறுப்பு பம்பாய்க்குப் போய்விட்டார். பி. குறுப்பு, ஆஸ்பத்திரிக்குப் பின்தெருவில் குடியிருக்கிற பாஸ்கரக் குறுப்பு வாத்தியார். ஓ. குறுப்பு மட்டும் அகப்படவில்லை. "அவனாக்கும் தலைவன். அதுகொண்டாக்கும் ஒளிச்சிருக்கியது."

பாஸ்கரக் குறுப்பு வாத்தியாரை நானும் அறிவேன். பள்ளிக்கூடத்தில் மலையாளம் எடுப்பவர். பையன்கள் சத்தம் போட்டால் தானே வகுப்பை விட்டு வெளியே போய் நிற்கிற அளவுக்குச் சாது. பாவம், அவர் சந்தைக்குப் போனாலும் கோயிலுக்குப் போனாலும் பின்னால் ஒரு ஆள் பீடி புகைத்துக்கொண்டு நடந்ததில், எந்தப் போராட்டக்காரனோ தன்னைக் குறிவைத்துவிட்டான் என்று இளைத்தே போனார்.

அப்போதுதான் பிரசவத்துக்கு மரியபுஷ்பம் வந்தாள். கடற்கரைப் பெண். கணவன் அந்தோணி கடலுக்குப் போகிறவன்; ஊர்வலத்தில் போய் மாட்டிக்கொண்டு லாக்கப்பில் இருந்தான். மாமியார் மூத்த பிள்ளைகளோடு வீட்டில். துணைக்கு ஆள் இல்லாமல் வந்தவளுக்குக் கூட்டிருப்பு அண்ணன் முக்காலியைப் போட்டுவிட்டார். குழந்தை நன்றாகப் பிறந்தது. ஆனால் ரத்தம் நிற்கவில்லை. டாக்டர் எப்படியோ நிறுத்தினார். நிறுத்தியபோது அவள் முகம் சுண்ணாம்பு பூசின சுவர்போல ஆகிவிட்டது. "பி குரூப்பு ரத்தம் உடனே வேணம். இல்லெங்கில் ஞான் ஒந்நும் பறயில்ல," என்றார் டாக்டர்.

அன்றைக்கென்று கடையடைப்பு. பஸ் இல்லை, கார் இல்லை, காளைவண்டிகூட இல்லை. நாங்கள் சோதித்து வைத்திருந்த ஆட்களெல்லாம் பனச்சமூட்டுக்கு அந்தப் பக்கம் இருந்தார்கள். நானும் சுகுமாரனும் ஏ குரூப்பு. எங்கள் சங்கம், எங்கள் கூட்டம், நாங்கள் போட்ட தீர்மானங்கள் எல்லாம் அந்தக் கட்டிலின் முன்னால் ஒன்றுக்கும் உதவாமல் நின்றன. எனக்கு அழுகை வந்தது. திரும்பிப் பார்த்தால் முக்காலி காலி. கூட்டிருப்பு அண்ணனைக் காணவில்லை.

கொஞ்ச நேரத்தில் வந்தார். கையில் பாஸ்கரக் குறுப்பு வாத்தியாரின் மணிக்கட்டு இருந்தது. அதற்குப் பின்னால் பனியனும் முண்டுமாக வாத்தியாரும் இருந்தார்.

"பி குறுப்பு வேணுமிண்ணு சொன்னியள்ளா? இன்னா, பிடியும்!"

வாத்தியார் வீட்டு வாசலில் நின்று இவர் என்ன சொல்லி அழைத்தார் என்பது பின்னால்தான் எங்களுக்குத் தெரிந்தது. "ஓய் வாத்தியாரே, உமக்க ரத்தம் வேணும். நடயும்!" கடையடைப்பு நாளில் இப்படி ஒருவர் வந்து கூப்பிட்டால் என்ன நினைப்பார்கள்? வாத்தியார் மனைவியிடம் விடைபெற்றுக்கொண்டுதான் வந்திருக்கிறார். டாக்டர் விஷயத்தைச் சொன்னதும் அவருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "ரத்தம் மாத்ரம் மதியோ?" என்று, அவ்வளவு போதுமா என்பதுபோல் கேட்டு, உடனே விரலை நீட்டினார்.

டாக்டர் சோதித்துவிட்டு ஒரு துள்ளு துள்ளினார். "ஓ குரூப்பு! ஆர்க்கும் கொடுக்காம்!" அதாவது, யாருக்கு வேண்டுமானாலும் கொடுக்கலாம்.

கெட்டது குடி. கூட்டிருப்பு அண்ணன் கட்டிலுக்கு முன்னால் கையை விரித்துக்கொண்டு நின்றுவிட்டார். "கண்டியளா! இத்தற நாளும் பி குறுப்புண்ணு சொல்லிட்டுத் திரிஞ்சான். இவனாக்கும் ஓ குறுப்பு! கள்ளப் பேருக்காரன்! எனக்க பிள்ளைக்கி இவன் ரத்தம் வேண்டாம்!"

டாக்டர் கெஞ்சினார். சுகுமாரன் காலில் விழாத குறை. எனக்கு அவரை அடித்துத் தள்ளிவிடலாம் போல ஆத்திரம். டாக்டர் மரியபுஷ்பத்திடமே குனிந்து கேட்டார். அவள் கண்ணைத் திறக்க முடியாமல், "அண்ணன் சொல்லட்டும்," என்றாள். அந்த ஆஸ்பத்திரியில் அவளுக்குத் தெரிந்த ஒரே ஆள் அவர்தான். யாரையும் நம்பாத மனிதரை நம்பி ஒரு உயிர் கிடந்தது. அவர் தலையை அசைக்கவில்லை.

அதற்குள் ஊசியைப் பார்த்துவிட்ட வாத்தியாருக்கு வேர்த்துக் கொட்ட ஆரம்பித்தது. பெஞ்சில் மல்லாந்து படுத்தவர், தன்னைக் கள்ளன் என்று சொல்லிக்கொண்டிருந்த அதே மனிதரின் வேட்டி நுனியைப் பிடித்தார்.

"எனிக்கு சூசி கண்டால் பேடியாணு. வீட்டில்நிந்நு ஆரும் வந்நில்ல. சேட்டன் ஒந்நு கூட்டிரிக்காமோ?"

கூட்டிருப்பு அண்ணன் திகைத்துப்போய் நின்றார். அந்தச் சொல்லைச் சொல்லி ஒருவர் கேட்டு, அவர் முடியாது என்று சொல்லி நான் பார்த்ததில்லை. வாத்தியாரின் முகத்தைப் பார்த்தார். மரியபுஷ்பத்தின் முகத்தைப் பார்த்தார். பிறகு முக்காலியை இழுத்துக் கட்டிலுக்கும் பெஞ்சுக்கும் நடுவில் போட்டு உட்கார்ந்தார்.

"செரி, கிட. பேடிக்காத. நான் உண்டு."

ரத்தம் பாட்டிலில் இறங்க ஆரம்பித்தது. பாதி ஆவதற்குள் அவர் டாக்டர் பக்கம் திரும்பினார். "எம்புடு எடுப்பீரு? எனக்க ஆளு வெளுக்குதாரு, கண்ணு தெரியல்லியா? நீரு அளவு தெரிஞ்சுதான் எடுக்கிறீரா, இல்ல சும்மா எடுக்கிறீரா?" சற்று முன்வரை கள்ளனாக இருந்தவர் 'எனக்க ஆளு' ஆகிவிட்டார்! டாக்டர் முதல்தடவையாக அவருக்கு மரியாதையாகப் பதில் சொன்னார். ஒரு கையால் வாத்தியாரின் கையையும், இன்னொரு கையால் மரியபுஷ்பத்தின் காலையும் பிடித்தபடி அவர் விடியும்வரை இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மரியபுஷ்பம் பிழைத்துக்கொண்டாள். தேறியதும், யார் ரத்தம் கொடுத்தது என்று கேட்டாள். "ஒரு குறுப்பு. ஆளு கள்ளப்பேருக்காரனாக்கும். ரத்தம் கொள்ளாம், நல்ல ரத்தம்," என்று சொன்னார் அண்ணன்.

அவள் வீட்டுக்குப் போவதற்கு முன்னால் அந்தோணியை லாக்கப்பிலிருந்து விட்டார்கள். தாடியும் அழுக்குமாக ஓடிவந்தவனைக் கூட்டிருப்பு அண்ணன் வாசலிலேயே நிறுத்தினார்.

"ஆரு நீ?"

"எனக்க பெஞ்சாதியப் பாக்கணும்."

"நீ அவளுக்க மாப்பிளண்ணு என்ன தெளிவு?"

உள்ளே கட்டிலில் இருந்து மரியபுஷ்பம் சிரித்தாள். வந்த நாளிலிருந்து அவள் சிரித்து நாங்கள் கேட்டது அப்போதுதான். சிரித்துக்கொண்டே, "விடுங்க அண்ணே, அவருதான்," என்றாள். அண்ணன் அந்தோணியை இன்னொரு தடவை நன்றாகப் பார்த்துவிட்டு, முக்காலியைத் துண்டால் தட்டி அவனுக்கு நகர்த்திக் கொடுத்தார். அவன் உட்கார்ந்து குழந்தையை மடியில் வாங்கினான். இவர் வெளியே வந்துவிட்டார்.

நான் பின்னால் போனேன். வராந்தாத் தூணைப் பிடித்துக்கொண்டு கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் முகத்தைக் கடுமையாக்கிக்கொண்டார்.

"இவனுவ பினாயில்ல என்னமோ கலக்கியிருக்கானுவலே. கண்ணு எரியுது."

"ஆமா அண்ணே," என்றேன்.

ஆஸ்பத்திரியில் பினாயில் தீர்ந்துபோய் அந்த வாரம் முழுக்கத் தரை கழுவவே இல்லை. அதை அவரிடம் சொல்ல எனக்கு மனசு வரவில்லை.