ஏரிக்குப் போகும் கௌரவமான வழி

அன்று காலை விடுதியின் முன்கூடத்தில் இருந்தவர்கள் ஆறு பேர். விடுதியின் உரிமையாளரான பெரியவர், அவர் மனைவி, வரவேற்பு மேசையில் அவர்கள் மகள், பாலம் கட்டும் இன்ஜினியர் ஒருவர், அவருடைய தங்கையான மாட்டு டாக்டர், கேனை இறக்கி வைத்துவிட்டு மூச்சு வாங்கிக்கொண்டிருந்த பால்காரர். ஏழாவதாக யாரும் இல்லை. ஆகவே வேறு யார் வந்து எதைச் சொன்னாலும் அது காதில் விழுந்த கதை; கணக்கில் சேராது. ஊரில் சிலர் பெரியவரைக் 'கொடிக்கம்பம்' என்று அழைப்பதாகவும் கேள்வி. அதை இங்கே எழுதப்போவதில்லை.

"சார், இன்னைக்கு ஏரியைப் பார்த்துட்டு அங்கேயே எங்கயாவது நல்லா சாப்பிடணும். எப்படிப் போறது?" என்று கேட்டார் இன்ஜினியர்.

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்வது அந்தக் குடும்பத்தின் உரிமை. 'தெரியாது' என்ற சொல் அந்த மேசையிலிருந்து ஒருநாளும் புறப்பட்டதில்லை.

"பின்கதவைத் திறந்தா மலைப்பாதை" என்றார் பெரியவர். "வெள்ளைக் கல்லு பார்த்துக்கிட்டே போங்க. உச்சியில ஒரு பெஞ்சு இருக்கு. அதுல உட்கார்ந்து ஏரியைப் பார்த்துட்டீங்கன்னா, அப்புறம் மத்த ஏரியெல்லாம் குட்டைன்னு தோணும். சாப்பாடு நாங்களே கட்டிக் கொடுத்துடுவோம்."

"எவ்வளவு நேரமாகும்?"

"மூணு மணி நேரம்."

டாக்டரம்மா போனைத் தடவிப் பார்த்தார். "ரோட்டு வழியா பத்து நிமிஷம்னு காட்டுதே? ஏரிக்கரையிலேயே ஒரு சாப்பாட்டுக் கடை இருக்கு. படமே பசியைக் கிளப்புது."

பெரியவரின் மனைவி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். மகள் மேசைக்கு அடியில் எதையோ தேட ஆரம்பித்தாள்.

அந்தக் கடை பெரியவரின் மனைவியுடைய தம்பி நடத்துவது. ஒரு காலத்தில் அவர் இந்த விடுதியில்தான் சமைத்துக்கொண்டிருந்தார். "இந்த ஊர்ல நல்ல சாப்பாடு எங்கங்க கிடைக்கும்?" என்று ஒரு விருந்தினர் கேட்க, கையில் கரண்டியோடு நின்ற மைத்துனர், "இங்க தவிர எங்க வேணும்னாலும் கிடைக்கும்!" என்று சிரித்தார். விருந்தினரும் சிரித்தார். பெரியவர் சிரிக்கவில்லை. பிறகு மைத்துனர் ஏரிக்கரையில் சொந்தமாகக் கடை போட்டார். கடை திறந்த அன்று பெரியவர் மனைவியிடம் ஒரே ஒரு வாக்கியம் சொன்னார்: "என் பேச்சைக் கேட்டு இந்த விடுதியிலேர்ந்து ஒரு ஆள் அவன் வாசலை மிதிக்கக்கூடாது."

அந்த வாக்கைக் காப்பாற்றத்தான் மலைப்பாதை. ரோட்டில் போனால் மைத்துனர் கடையைத் தாண்டித்தான் ஏரி. அதனால் பெரியவரே மண்வெட்டி பிடித்து மலையைச் சுற்றி வேறு வழி வெட்டினார். கோபத்தில் போட்ட பாதைதான். ஆனால் வேலையில் குறை வைக்கவில்லை. இன்றைக்கும் ஒரு படி ஆடாது. அந்தப் பாதையில் நடப்பதற்காகவே எங்கெங்கிருந்தோ ஆட்கள் வருகிறார்கள் என்றால் சும்மாவா?

"ரோட்டுல பாலம் ஆட்டம் கண்டிருக்கு" என்றார் பெரியவர்.

இதைப் பொய் என்று சொல்வது சரியல்ல. எந்தப் பாலமும் என்றாவது ஒருநாள் ஆட்டம் காணும். பெரியவர் அந்த நாளைக் கொஞ்சம் முன்னால் கொண்டுவந்தார், அவ்வளவுதான்.

இன்ஜினியரின் முகம் மலர்ந்தது. "பாலமா? ஆடுதா? கிளம்பும்மா, ஏரி எங்கயும் ஓடிடாது. முதல்ல பாலத்தைப் பார்ப்போம்!"

"நான் இப்பத்தானே அதுமேல வண்டியை ஓட்டிட்டு வரேன்" என்றார் பால்காரர். "ஒரு சொட்டு சிந்தலையே."

"சரி பண்ணிட்டாங்க போல" என்றார் பெரியவர், இமைக்காமல். "ஆனா பாலத்துக்கு அந்தப் பக்கம் ஒரு மாடு நிக்குது. ஆளைக் கண்டா முட்ட வருது."

"முட்டுதா?" டாக்டரம்மா எழுந்தே விட்டார். "எத்தனை நாளா? கண்ணு சிவந்திருக்கா? தீனி எடுக்குதா? அண்ணா, என் பெட்டி வண்டியிலதானே இருக்கு?"

"அந்த ரோட்டுல என் மாட்டைத் தவிர வேற மாடே கிடையாதே!" என்று பால்காரர் குரலை உயர்த்தினார். "என் மாடா முட்டுது? பச்சைப்பிள்ளை மாதிரிங்க அது! கட்டாம விட்டாலும் நின்ன இடத்துல நிக்கும்!"

"அப்பா, போதும்ப்பா" என்றாள் மகள், மேசைக்கு அடியிலிருந்தே.

பாலத்தில் ஆரம்பித்த விஷயம் இப்போது ஒரு பசுவின் மானம் வரைக்கும் போய்விட்டது. பெரியவர் கைத்தடியை எடுத்தார்.

"நானே உங்களைக் கூட்டிட்டுப் போறேன். மலை வழியா."

"என்னங்க, உங்க முட்டி?" என்றார் மனைவி.

"முட்டியும் என்கூடத்தான் வரும்."

அவர் செருப்பு மாட்டும் நேரத்தில் பால்காரர் விருந்தினர்களிடம் கிசுகிசுத்தார். "பாலமுமில்லை, மாடுமில்லைங்க. அந்தக் கடைக்காரர் இவருக்கு மச்சான். ரெண்டு பேருக்கும் ஜென்மப் பகை. ஊருக்கே தெரியும்." தன் மாட்டைப் பற்றிப் பெரியவர் பேசியதற்கு அவர் செய்த பதில் மரியாதை அது.

பெரியவர் முன்னால் நடந்தார். முட்டிவலி வந்த பிறகு பல வருடங்களாக அவர் அந்தப் பாதையில் ஏறியதில்லை. ஆனாலும் ஒவ்வொரு திருப்பமும் காலுக்குத் தெரிந்திருந்தது. இன்ஜினியர் படிகளைக் குனிந்து குனிந்து தட்டிப் பார்த்தார்.

"யாரு சார் கட்டினது?"

"நான்தான்."

"சிமெண்டே இல்லாம இப்படி நிக்குதே! எங்க ஆளுங்களைக் கூட்டிட்டு வந்து காட்டணும் சார்."

 ஏற்கெனவே நேராக இருந்த பெரியவரின் முதுகு இன்னும் ஒரு விரல் நிமிர்ந்தது.

உச்சியில் பெஞ்சு இருந்தது. கீழே ஏரி. மேகம் ஒன்று தண்ணீரின்மேல் மெதுவாகத் தன் நிழலை இழுத்துக்கொண்டு போனது. அண்ணனும் தங்கையும் வாயைத் திறக்கவில்லை. அந்த மௌனத்துக்காகத்தான் அங்கே பெஞ்சு போட்டிருந்தது. பெரியவர் அந்த ஏரியைத் தாமே வெட்டியவர் போல நின்றார்.

"சாப்பாட்டுக் கூடை எங்க சார்?" என்று கடைசியில் டாக்டரம்மா கேட்டார்.

கூடை விடுதியில் வரவேற்பு மேசைமேல் இருந்தது. தடியை எடுத்த வேகத்தில் அதை யாரும் எடுக்கவில்லை.

"வயிறு நிறைஞ்சா கண்ணு சொக்கிடும்" என்றார் பெரியவர். "வெறும் வயித்தோட பார்த்தாத்தான் ஏரி தெளிவாத் தெரியும்."

"தெளிவாத்தான் சார் தெரியுது. ரெண்டு ரெண்டா தெரியுது" என்றார் இன்ஜினியர்.

ஏரிப் பக்கமாக இறங்கும்போது பெரியவரின் முட்டி மக்கர் செய்தது. அவர் யார்மீதும் சாயவில்லை. இரண்டு பேரும் அவர் கைகளைப் பிடித்துக்கொள்ள அனுமதித்தார். அப்படியே கடைசித் திருப்பத்துக்கு வந்தபோது பெரியவர் நின்றுவிட்டார்.

அவர் வெட்டிய பாதை இடப்பக்கம் ஏரிக்குப் போனது. அதில் முழங்கால் அளவு புல். வலப்பக்கம் அவர் வெட்டாத ஒரு பாதை, வண்டி போகிற அகலத்தில், கூட்டிப் பெருக்கி, இரு ஓரமும் அவருடையதைப் போலவே வெள்ளைக் கல் வைத்து இறங்கியது.

"ஜனம் இந்தப் பக்கம்தான் நடக்குது சார்" என்றார் இன்ஜினியர்.

"வாசனையும் இந்தப் பக்கம்தான் வருது" என்றார் டாக்டரம்மா.

"இடப்பக்கம் போங்க" என்றார் பெரியவர்.

"உங்களுக்கு இப்ப உடனே உட்கார இடம் வேணும். ஒரு கன்னுக்குட்டி இந்தக் காலோட வந்தாக்கூட நான் நடக்க விடமாட்டேன்" என்று சொல்லி டாக்டரம்மா வலப்பக்கம் திரும்பினார். பெரியவரின் ஒரு கை அவரிடம் இருந்ததால் பெரியவரும் திரும்ப வேண்டியதாயிற்று.

பாதை ஒரு கடையின் பின்முற்றத்தில் போய் முடிந்தது. மரநிழல். கால் கழுவத் தொட்டி. நீள பெஞ்சுகள். பெஞ்சு நிறைய ஆட்கள். ஒவ்வொரு முகத்தையும் பெரியவருக்குத் தெரியும். எல்லாரும் அவருடைய விடுதியில் தங்கியிருப்பவர்கள். அவர் வாயாலேயே வழி சொல்லி அனுப்பப்பட்டவர்கள். புதுமண ஜோடி ஒன்று ரொட்டியை ஆட்டிக் கூவியது.

"பெரியவரே! நேத்து நீங்க சொன்ன வழியில வந்தோம். இன்னைக்கு நீங்க சொல்லாமலே வந்துட்டோம்!"

அடுப்படியிலிருந்து மைத்துனர் கையைத் துடைத்துக்கொண்டே ஓடி வந்தார். "அத்தான்! வாங்க, வாங்க! அக்கா வரலையா?"

"நான் வரல" என்றார் பெரியவர். "என்னைத் தூக்கிட்டு வந்திருக்காங்க."

"எப்படி வந்தா என்ன அத்தான், உட்காருங்க."

நாற்காலி வந்தது. முட்டிக்கு வெந்நீர்த் துணி வந்தது. ஆவி பறக்கும் சூப்பு வந்தது. பெரியவர் கரண்டியைத் தொடவில்லை; முதுகை நாற்காலியில் சாய்க்கவும் இல்லை. காக்க வேண்டிய வாக்கு ஒன்று இன்னும் அவரிடம் இருந்தது.

விரிசலைக் கண்டால் விரலை விட்டுப் பார்க்காமல் இருக்க முடியாதது இன்ஜினியர்களின் பழக்கம். அவர் மைத்துனரைப் பார்த்துக் கேட்டே விட்டார்.

"தப்பா நினைச்சுக்காதீங்க. உங்க ரெண்டு பேருக்கும் ரொம்ப வருஷமா பகை, பேச்சுவார்த்தையே இல்லைன்னு ஊர்ல சொல்றாங்களே?"

மைத்துனர் வந்த கோபத்தில் கையிலிருந்த தட்டை டொக்கென்று பெஞ்சின்மேல் வைத்தார்.

"சுத்தப் பொய்ங்க! எங்க அத்தான் தன்னோட கல்யாணத்தன்னைக்குக்கூட என்கிட்ட ஒரு வார்த்தை பேசினவர் இல்லை, அது அவர் சுபாவம். பகை இருக்கிறவராங்க, பத்து நிமிஷ ரோட்டை விட்டுட்டு, நல்லாப் பசியெடுத்து வரட்டும்னு இத்தனை வருஷமா மலையைச் சுத்தி எனக்கு ஆள் அனுப்புவாரு?"